பனி விழுமுன் எழுத வேண்டிய எண்: மலைக்கிராமங்களுக்கான பனிச்சரிவுக் காவல்

முதல் பனி விழுவதற்கு முன்பே ஊரைக் கூட்டி ஓர் எண்ணை எழுதிக் கையெழுத்திடுங்கள். "மூன்று நாளில் இத்தனை சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்தால், மேற்கு ஓடையின் கீழே உள்ள வீடுகள் காலியாக வேண்டும்." இந்த ஒரு வரி போதும். பனிமலைக் கிராமங்களில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி அளிப்பது என் வேலை. பயிற்சியில் மற்றதெல்லாம் இந்த வரியை எழுதுவதற்கும், எழுதியபடி நடப்பதற்கும்தான்.

ஏன் இவ்வளவு முன்னதாக? புயலின் மூன்றாம் நாள் இரவை நினைத்துப் பாருங்கள். மின்சாரம் இல்லை, தொலைபேசி வேலை செய்யவில்லை, எதிர் வீடு கண்ணுக்குத் தெரியவில்லை. குழந்தைகள் தூங்கிவிட்டார்கள், மாடு கொட்டிலில் நிற்கிறது. அந்த நேரத்தில் "போகலாமா, விடியட்டுமா" என்று பேச ஆரம்பித்தால் விடியட்டும் என்றுதான் முடியும். குளிரில், இருட்டில், களைப்பில் யாருக்கும் தெளிவாக யோசிக்க வராது. வெயில் காயும் நாளில், நிதானமாக உட்கார்ந்து எடுத்த முடிவைப் புயல் இரவில் செயல்படுத்துவது மட்டுமே மிச்சமாக இருக்க வேண்டும்.

அரசின் முன்னறிவிப்பு வந்தால் அதை அவசியம் கேளுங்கள். ஆனால் அது ஒரு பெரிய வட்டாரத்துக்கான அறிவிப்பு. உங்கள் ஊருக்கு மேலே இருக்கும் அந்த ஒரு சரிவில் நேற்றிரவு காற்று எவ்வளவு பனியைக் கொண்டுவந்து குவித்தது என்பது அதில் இருக்காது. சுவிட்சர்லாந்து 1945இலிருந்தே பனிச்சரிவு அறிக்கை வெளியிட்டு வருகிறது. அப்படியிருந்தும் ஆல்ப்ஸ் மலை ஊர்களில் உள்ளூர் ஆட்களைக் கொண்ட பனிச்சரிவுக் குழுக்கள் இன்றும் இயங்குகின்றன. சாலையை மூடுவது, வீடுகளைக் காலி செய்யச் சொல்வது பற்றி ஊருக்கு ஆலோசனை சொல்பவர்கள் அவர்கள். சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் தலைமுறைகளாகச் சேர்த்த இந்த அறிவை 2018இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஐஸ்லாந்தில் 1995ஆம் ஆண்டு ஜனவரியில் சூடாவிக் ஊரில் 14 பேரும், அக்டோபரில் ஃப்ளாட்டெய்ரி ஊரில் 20 பேரும் பனிச்சரிவில் இறந்தார்கள். அதன் பிறகு ஆபத்தான ஊர்களில் உள்ளூர்ப் பனிக் கண்காணிப்பாளர்களை வைத்து வேலை செய்யும் முறையை அந்த நாடு பலப்படுத்தியது. பஞ்சமில்லாமல் கருவிகள் வைத்திருக்கும் நாடுகளே ஊர்க்காரரின் கண்ணை நம்புகின்றன. கருவி இல்லாத கிராமத்துக்கு அந்தக் கண் இன்னும் அவசியம்.

எங்கிருந்து புறப்படும், எதுவரை வரும்

வேலை கோடைக்காலத்தில் தொடங்குகிறது. பனி இல்லாதபோது சரிவு தன் வரலாற்றைக் காட்டிக்கொண்டு நிற்கும். காட்டின் நடுவே மேலிருந்து கீழாக மரமில்லாத ஒரு பட்டை ஓடுகிறதா? அதன் ஓரத்து மரங்களில் மலையுச்சியை நோக்கிய பக்கத்துக் கிளைகள் மட்டும் முறிந்திருக்கின்றனவா? ஒரே உயரத்தில், ஒரே வயதில் இளமரங்கள் கூட்டமாக நிற்கின்றனவா? அப்படியானால் அவை முளைப்பதற்குச் சற்று முன் அங்கே ஏதோ ஒன்று எல்லாவற்றையும் வழித்துப் போயிருக்கிறது. பள்ளத்தாக்கின் அடியில், ஓடையே இல்லாத இடத்தில் முறிந்த மரத்துண்டுகள் கிடந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு முதியவர்களிடம் போங்கள். "இங்கே பனிச்சரிவு வருமா" என்று கேட்டால் "வராது" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பிறந்த ஊரை விட்டுக்கொடுக்க யாருக்கு மனம் வரும்? கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். உங்கள் தாத்தா காலத்தில் கொட்டில் எங்கே இருந்தது? இந்த இடத்தில் ஏன் யாரும் வீடு கட்டவில்லை? குளிர்காலத்தில் எந்த வழியாகத் தண்ணீருக்குப் போவீர்கள், எந்த வழியைத் தவிர்ப்பீர்கள்? பழைய வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு ஓரிடத்தில் நிற்க, பக்கத்திலேயே நல்ல சமதளம் காலியாகக் கிடந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். புது வீடும் பள்ளிக்கூடமும் அந்தக் காலி மனையில்தான் எழும்புகின்றன என்பது எனக்குத் தீராத கவலை.

நினைவை மட்டும் நம்பவும் கூடாது. ஆஸ்திரியாவின் கால்ட்யூர் ஊரில் 1999 பிப்ரவரி 23 அன்று இறங்கிய பனிச்சரிவு, பாதுகாப்பானது என்று வரைபடத்தில் குறித்திருந்த பகுதிக்குள் நுழைந்து 31 பேரைக் கொன்றது. நூறாண்டில் வராதது வராமலே இருந்துவிடும் என்று எந்த மலையும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே கோணத்தையும் அளந்துவிடுங்கள்.

இதற்குப் பள்ளிக்கூடக் கோணமானி போதும். அதன் மையத்தில் ஒரு நூலைக் கட்டி, நூலின் நுனியில் சிறு கல்லைத் தொங்கவிடுங்கள். நேர்விளிம்பு மேலே இருக்கும்படி பிடித்து, பக்கவாட்டில் நின்று, அந்த விளிம்பைச் சரிவின் கோட்டோடு பொருத்திப் பாருங்கள். விளிம்பு மட்டமாக இருந்தால் நூல் 90இல் நிற்கும். சாய்க்கும்போது 90இலிருந்து எவ்வளவு விலகுகிறதோ அதுதான் சரிவின் கோணம். பெரும்பாலான ஆபத்தான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில் புறப்படுகின்றன. அதைவிடச் செங்குத்தான இடத்தில் பனி அடிக்கடி சிறிது சிறிதாக உதிர்ந்துவிடும். சாய்வு குறைந்த இடத்தில் பெரும்பாலும் தங்கிவிடும்.

அடுத்து ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, அதே கோணமானியால் பனிச்சரிவு புறப்படக்கூடிய உச்சியைக் குறிபாருங்கள். 25 பாகைக்கு மேல் வந்தால் அந்த வீட்டைத் தயங்காமல் ஆபத்துப் பட்டியலில் சேருங்கள். 20க்கும் 25க்கும் இடையே என்றால் சந்தேகப் பட்டியல். மிகப் பெரிய பனிச்சரிவுகள் அதற்கும் கீழே, 18 பாகை வரைகூட ஓடியிருக்கின்றன. எதிர்ப்பக்க மலையில் ஏறி வரும் பனிச்சரிவும் உண்டு என்பதால் ஆற்றின் மறுகரை வீடுகளை விட்டுவிடாதீர்கள்.

மேலே அடர்ந்த காடு இருந்தால் அதைக் காப்பாற்றுங்கள். சுவிட்சர்லாந்தின் ஆண்டர்மட் ஊர் 1397இலேயே தன் தலைக்கு மேலிருந்த காட்டை வெட்டக் கூடாது என்று சாசனம் எழுதி வைத்தது. காடு பனியைப் புறப்படவிடாமல் பிடித்துவைக்கும். ஆனால் காட்டுக்கு மேலிருந்து புறப்பட்டு வேகமெடுத்த பெருஞ்சரிவை மரங்களால் நிறுத்த முடியாது.

காலை ஏழு மணிக் குறிப்பேடு

கண்காணிப்புக்கு இரண்டு மூன்று பேர் வேண்டும். ஒருவர் மட்டும் இருந்தால் அவருக்குக் காய்ச்சல் வரும் நாளில் குறிப்பேடு வெறுமையாகிவிடும். யாரைத் தேர்ந்தெடுப்பது? ஊரில் செல்வாக்கு உள்ளவரைத்தான் எல்லோரும் முன்மொழிவார்கள். நான் கேட்பது, தினமும் விடியற்காலையில் எப்படியும் வெளியே வருகிற ஆளை. தண்ணீர் எடுக்கவோ மாட்டுக்குத் தீவனம் போடவோ வரும் பெண்கள் பல ஊர்களில் இந்த வேலையை மிகச் சிறப்பாகச் செய்கிறார்கள். எழுத்து வராதவர் அளக்கட்டும், பள்ளிக்குப் போகும் பிள்ளை எழுதட்டும்.

கருவிகள் எளியவை. சென்டிமீட்டர் குறியிட்ட உயரமான கம்பம் ஒன்றைக் காற்று அதிகம் அடிக்காத சமதளத்தில் நட்டுவிடுங்கள். அது மொத்தப் பனியைக் காட்டும். பக்கத்தில் 40க்கு 40 சென்டிமீட்டர் பலகை ஒன்று, வெள்ளை வண்ணம் பூசியது. தினமும் ஒரே நேரத்தில் பலகை மேல் விழுந்த பனியை அளந்து, துடைத்து, பலகையைப் பனியின் மேல்மட்டத்தில் மறுபடி வையுங்கள். வெப்பமானியை நிழலில் தொங்கவிடுங்கள். சரிவைப் பார்க்க ஒரு தொலைநோக்கி கிடைத்தால் நல்லது.

ஒரு நாள் பதிவு இப்படி இருக்கும்:

"காலை 7. புதுப்பனி 22. மொத்தம் 118. வெப்பம் மைனஸ் 9. காற்று மேற்கிலிருந்து, பலமாக. முகட்டிலிருந்து பனித்தூள் பறக்கிறது. நேற்று மாலை கிழக்கு ஓடையில் சிறு சரிவு, பாலம் வரை வரவில்லை. கொட்டிலுக்குப் போகும்போது காலடியில் 'தொம்' என்ற ஓசை ஒருமுறை."

இதில் 22 என்ற எண்ணைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். என் கண் முதலில் போவது காற்றுக்கு. மேற்குக் காற்று முகட்டின் மேற்குப் பக்கத்துப் பனியை வாரிக் கிழக்குப் பக்கச் சரிவில் கொட்டுகிறது. வானத்திலிருந்து விழுவதைப் போலப் பல மடங்கு வேகத்தில் காற்று ஒரு சரிவை நிரப்பிவிடும். பலகையில் 22 என்றால், முகட்டுக்குக் கீழே ஒரு மீட்டர்கூட இருக்கலாம். வானம் தெளிவாக, ஒரு துளி பனி விழாத நாளிலும் முகட்டில் தூள் பறந்தால் சரிவு நிரம்பிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அடுத்தது அந்த 'தொம்'. பனிக்குள் புதைந்திருக்கும் பலவீனமான அடுக்கு உங்கள் எடைக்கே நொறுங்கி அமர்ந்த ஓசை அது. காலடியிலிருந்து பனியில் விரிசல் ஓடினாலும் அதே எச்சரிக்கைதான். இந்த ஓசை கேட்டதும், சாயங்காலம் வரை காத்திராமல் உடனே குழுவுக்குச் சொல்ல வேண்டும். மூன்றாவது, கிழக்கு ஓடைச் சரிவு. சிறிதாக இருந்தாலும் ஒரு பனிச்சரிவு இறங்கிவிட்டதென்றால், அதே திசையை நோக்கும் மற்ற மலைச்சரிவுகளிலும் பனி இறங்கத் தயாராக இருக்கிறது.

வாரம் ஒருமுறை குழி தோண்டிப் பாருங்கள். ஆபத்தான சரிவின் கீழே ஒருபோதும் தோண்டக் கூடாது; அதே திசையை நோக்கும், மேலே எதுவும் இல்லாத சிறு மேட்டில் தோண்டுங்கள். குழியின் சுவரில் மேலிருந்து கீழாகக் கையை அழுத்திக்கொண்டே வாருங்கள். மூடிய முஷ்டி எளிதாக உள்ளே போனால் அது மிகத் தளர்ந்த அடுக்கு. நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கத்தி என்று அழுத்தும் பொருள் மெலிதாக ஆக அடுக்கு கெட்டியாகிறது. கெட்டியான அடுக்கு மேலே, முஷ்டி நுழையும் அடுக்கு கீழே என்றால் கவலைப்படுங்கள். குறிப்பாகத் தரையை ஒட்டி, கையில் எடுத்தால் சர்க்கரை போல உதிர்ந்து, பிடித்தால் உருண்டையாகாத பனி இருக்கிறதா என்று பாருங்கள். குளிர்காலத் தொடக்கத்தில் கொஞ்சமாகப் பனி விழுந்து, அதன்பின் தெளிந்த கடுங்குளிர் இரவுகள் தொடர்ந்தால் இந்த அடுக்கு உருவாகும். தரையின் வெதுவெதுப்புக்கும் மேற்பரப்பின் குளிருக்கும் இடையே பனிப்படிகங்கள் ஒட்டுதலை இழந்துவிடுகின்றன. பின்னால் விழும் பெரும்பனி முழுதும் அந்தத் தளர்ந்த அடித்தளத்தின் மேல்தான் உட்காரும். வறண்ட, குளிர்ந்த உள்மலைப் பகுதிகளில் இது மாதக்கணக்கில் ஆறாமல் இருக்கும். "இந்த வருடம் பனி குறைவு, பயமில்லை" என்று சொல்பவர்களிடம் இதை விளக்கிச் சொல்லுங்கள். தொடக்கத்தில் பனி குறைந்த வருடம் பின்னால் ஆபத்தான வருடமாக மாறக்கூடும்.

எண்ணை எப்படி முடிவுசெய்வது

ஆல்ப்ஸ் மலையின் நீண்ட அனுபவம் ஒரு தொடக்கத்தைத் தருகிறது. மூன்று நாள் புதுப்பனியைக் கூட்டுங்கள். 30 முதல் 50 சென்டிமீட்டர் வரை வந்தால் மலையில் நடப்பவர்களுக்கு ஆபத்து. 80ஐத் தாண்டினால் சாலைகளும் ஒதுக்குப்புற வீடுகளும் ஆபத்தில் இருக்கின்றன. 120ஐத் தாண்டினால், பல ஆண்டுகளாக இறங்காத தடங்களில்கூடச் சரிவு இறங்கிக் குடியிருப்பைத் தொடலாம். இந்த எண்களை உங்கள் ஊருக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தரையில் தளர்ந்த அடுக்கு இருந்தால், பலத்த காற்று அடித்தால், மழை பனியின் மேல் விழுந்தால், திடீரென்று வெப்பம் ஏறினால், எண்ணை வெகுவாகக் குறைக்க வேண்டும். முதல் குளிர்காலத்தில் குறைவாகவே வைத்துக்கொண்டு, குறிப்பேடு சேரச் சேரத் திருத்துங்கள்.

கூட்டத்தில் எண் புரியாவிட்டால் எடையாகச் சொல்லிப் பாருங்கள். 100 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் உள்ள ஒரு சிறிய சரிவில் 80 சென்டிமீட்டர் புதுப்பனி விழுந்தால் அது 4,000 கன மீட்டர். சாதாரணப் புதுப்பனியே கன மீட்டருக்குச் சுமார் 100 கிலோ இருக்கும். ஆக 400 டன். காற்று இறுக்கிய பனி இதைப்போல இரண்டு மூன்று மடங்கு கனமானது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்ட பிறகு கூட்டத்தில் பேச்சின் தொனியே மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

எண்ணோடு சேர்த்து மூன்று பெயர்களையும் எழுதுங்கள்: அளப்பவர், முடிவை அறிவிப்பவர், அவர் ஊரில் இல்லாவிட்டால் அறிவிப்பவர். எண் வந்ததும் அறிவிப்பவர் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பதையும் அதே தாளில் எழுதி, பெரியவர்கள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். எண் வராவிட்டாலும், சந்தேகம் வந்தால் முன்னதாகவே அறிவிக்க அவருக்கு உரிமை உண்டு.

நிலநடுக்கத்துக்கு எண் எதுவும் கிடையாது. நேபாளத்தின் லாங்டாங் ஊரை 2015 ஏப்ரல் 25 அன்று புதைத்த பனியும் பாறையும் நிலநடுக்கத்தால் கிளம்பியவை. பனிக்காலத்தில் பூமி அதிர்ந்தால் பனிச்சரிவுத் தடத்தில் இருப்பவர்கள் அந்தக் கணமே விலக வேண்டும் என்பது தனி விதி.

வெளியேறுவதும் திரும்புவதும்

மக்கள் வெளியேற மறுப்பதற்குப் பயமின்மை காரணம் என்று வெளியூர் அதிகாரிகள் நினைக்கிறார்கள். நான் பார்த்தவரை முக்கியக் காரணம் கால்நடை. கறவை மாட்டை விட்டுவிட்டு எந்தக் குடும்பமும் இரண்டு இரவு வெளியே தங்காது. ஒருவராவது திரும்பிப் போவார், அவர்தான் மாட்டிக்கொள்வார். ஆகவே பாதுகாப்பான வீடுகளின் கொட்டிலில் இலையுதிர் காலத்திலேயே தீவனம் சேர்த்துவிடுங்கள். எந்தக் குடும்பம் எந்த வீட்டில் தங்கும், விறகும் மாவும் யார் தருவது, கைக்குழந்தை உள்ள பெண்ணுக்குத் தனி இடம் எங்கே, நடக்க முடியாத முதியவரைத் தூக்குவது யார் என்பதையெல்லாம் பெயரோடு எழுதுங்கள். இதைத் தீர்த்துவிட்டால் வெளியேற்றம் பாதிக்கு மேல் முடிந்துவிட்டது.

சைகை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். வழிபாட்டிடத்து ஒலிபெருக்கியோ மணியோ போதும், ஆனால் மின்சாரம் இல்லாமலும் வேலை செய்ய வேண்டும். வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஆட்களும் வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே, தடத்தைக் குறுக்கே கடக்காத வழியில் போக வேண்டும். கடந்தே தீர வேண்டுமென்றால் ஒவ்வொருவராக, மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கக் கடக்கட்டும். வெளியேறவே முடியாமல் போனால், மலைப்பக்கச் சுவரையும் சன்னலையும் விட்டு விலகி, பள்ளத்தாக்குப் பக்க அறையில் எல்லோரும் சேர்ந்து தூங்குங்கள்.

வெளியேறினோம், எதுவும் இறங்கவில்லை. அடுத்த முறை யாரும் வரமாட்டார்களே என்ற பயம் எல்லாக் குழுக்களுக்கும் உண்டு. குளிர்காலம் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்: வெளியேறும் பெரும்பாலான இரவுகளில் எதுவும் நடக்காது, அப்படித்தான் இருக்க வேண்டும். பிறகு சரிவு இறங்காத நாளின் குறிப்பையும் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். மறைக்காத குழுவை ஊர் நம்பும்.

புயலுக்குப் பின் வெயில் அடிக்கும் முதல் நாளைத்தான் மிகவும் எச்சரிக்கையாகக் கடக்க வேண்டும். கூரைப் பனியைத் தள்ளவும், பாதை வெட்டவும், வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்கவும் எல்லோரும் கிளம்பும் நாள் அது. சரிவோ இன்னும் சுமையோடு நிற்கிறது, வெயில் அதை இளக்குகிறது. பனி நின்று, காற்று அடங்கி, குறைந்தது ஒரு முழு நாள் கடந்த பிறகு, அறிவிப்பவர் சொன்னால் மட்டுமே திரும்ப வேண்டும். வசந்தத்தில் கதை வேறு: இரவில் உறையாத பனியில் மதியத்துக்கு மேல் ஈரச்சரிவுகள் இறங்கும், போக்குவரத்தைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

அணை கட்டிவிட்டார்கள் என்று குறிப்பேட்டை மூடிவிடாதீர்கள். ஃப்ளாட்டெய்ரியில் 1995க்குப் பின் சரிவைத் திசைதிருப்பும் பெரிய மண் அணைகள் எழும்பின. 2020 ஜனவரியில் இறங்கிய பனியில் ஒரு பகுதி அவற்றையும் தாண்டி ஒரு வீட்டுக்குள் புகுந்தது.

புதைந்தவரைத் தேடும்போது

வெளியிலிருந்து மீட்புப் படை வரும் நேரத்துக்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். திறந்த பனியில் புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம்; அரை மணியைத் தாண்டினால் மூன்றில் ஒரு பங்குதான். மூச்சடைப்புதான் காரணம். எனவே நீளமான கோல்களும் மண்வாரிகளும் பாதுகாப்பான வீட்டில், பூட்டாத அறையில், ஆளுக்கு ஒன்றாக இருக்க வேண்டும்.

முதலில் ஒருவரை மேலே பார்த்துக்கொண்டிருக்க நிறுத்துங்கள். இரண்டாவது சரிவு வந்தால் அவர் கத்த வேண்டும். கடைசியாகக் கண்ட இடத்தைக் கண்டவரிடமே கேட்டு அடையாளம் நடுங்கள். அதற்குக் கீழே, சரிவு ஓடிய திசையில், கையுறை, துணி, கை கால் எது வெளியே தெரிகிறது என்று கண்ணால் தேடுங்கள், குரல் கொடுத்துக் கேளுங்கள். பிறகு தோளோடு தோள் வரிசையாக நின்று கோலால் குத்திக்கொண்டே மேல்நோக்கி நகருங்கள். கோல் பட்டால் அதை எடுக்காதீர்கள்; அதற்குக் கீழ்ப்பக்கத்திலிருந்து தோண்டுங்கள். தலையும் மார்பும் தெரிந்தவுடன் வாய், மூக்கில் உள்ள பனியை அகற்றுங்கள். மூச்சில்லையென்றால் அங்கேயே செயற்கைச் சுவாசம் கொடுங்கள். குளிர்ந்து விறைத்தவரை உலுக்கவோ தேய்க்கவோ நடக்கவைக்கவோ கூடாது. படுத்த நிலையில் மெதுவாக எடுத்து, ஈர உடையை மாற்றிப் போர்த்துங்கள்.

வீட்டோடு புதைந்தவர்களை அரை மணிக் கணக்கில் கைவிடக் கூடாது. சுவர்களுக்கும் கூரைக்கும் இடையே காற்று இருக்கலாம். 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் மாணா அருகே சாலைப் பணியாளர் முகாம் புதைந்தபோது, 54 பேரில் 46 பேர் உயிருடன் மீட்கப்பட்டார்கள். இரும்புக் கொள்கலன் அறைகளுக்குள் இருந்த பலர் மறுநாளும் உயிரோடு வெளியே வந்தார்கள். யார் யார் எந்த வீட்டில் தங்குகிறார்கள் என்ற பட்டியல் குழுவிடம் இருந்தால் எங்கே தோண்டுவது என்று அலைய வேண்டியதில்லை. விருந்தாளிகளையும் கூலிக்கு வந்தவர்களையும் அதில் சேர்க்க மறக்காதீர்கள்.

பனி உருகத் தொடங்கியதும், சரிவின் குப்பை எதுவரை கிடக்கிறது என்று நடந்து பார்த்து, வண்ணம் பூசிய கற்களால் எல்லையைக் குறித்து, தேதியோடு வரைபடத்தில் ஏற்றுங்கள். குறிப்பேட்டை நகலெடுத்து ஒரு பிரதியை வட்டார அலுவலகத்திலும், ஒன்றை அடுத்த ஊர்க் குழுவிடமும் கொடுத்து வையுங்கள். இலையுதிர் காலக் கூட்டத்தில் அந்த எண்ணை மறுபடி எடுத்து, கூட்டவா குறைக்கவா என்று பேசிப் புதிதாகக் கையெழுத்திடுங்கள்.